மைக்கில் கேட்டதும் படத்தில் விழுந்ததும்

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் என்னோடு வேலை பார்த்தவர்கள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது ஒருவர் மாற்றி ஒருவர் உட்காருகிறார்கள். இருட்டறையில் ஃபிலிம் கழுவிய காலத்தில் தொடங்கி, கம்ப்யூட்டரில் படம் தானாக வந்து நிற்கிற காலம் வரை பார்த்தவன் என்பதால், எக்ஸ்ரே துறையில் வந்த மாற்றங்களைப் பற்றி நான் எழுத வேண்டுமாம். எழுதலாம்தான். ஆனால் பேனாவை எடுத்தால் எனக்குக் கபடிதான் ஞாபகம் வருகிறது. கபடி கூட இல்லை, கபடிக்கு மைக் பிடிக்கிறவர்கள். எக்ஸ்ரே மலரில் இவர்களுக்கு என்ன வேலை என்று மலர்க் குழு கேட்குமானால், கடைசி வரை வாசித்துவிட்டு அப்புறம் வெட்டச் சொல்லுங்கள்.

நான் வடுகபட்டிக்காரன். அப்பா பூண்டு மண்டியில் எடை போட்டார். மதுரையில் படித்து, பெரியகுளத்தில் இருட்டறை உதவியாளராகச் சேர்ந்து, டெக்னீஷியனாகி, மாவட்டத்துக்குள்ளேயே ஊர் ஊராக மாற்றலாகி, கடைசியில் கம்பத்தில் ஓய்வு பெற்றேன். படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்தோம், பரீட்சை முடிந்ததும் மறந்தோம், வேலையில் மறுபடி கற்றுக்கொண்டோம்.

பெரியகுளத்தில் எனக்கு மேலே இருந்தவர் ராஜமாணிக்கம் சார். அவர் அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. வெற்றிலைப் பழக்கம் உண்டு. ஆனால் எக்ஸ்ரே அறைக்குள் நுழையும் முன் வாயை நன்றாகக் கொப்பளித்துவிடுவார். அடிபட்டவன் முகத்துக்குப் பக்கத்தில் குனிகிற வேலை இது, அவனுக்கு ஏற்கெனவே குமட்டிக்கொண்டிருக்கும் என்பார். யாரைத் தொடுவதாக இருந்தாலும் தொடுவதற்கு முன்னால் வாயால் சொல்லிவிட வேண்டும்: கையைத் தூக்கப் போகிறேன், காலைத் திருப்பப் போகிறேன். மயக்கத்தில் கிடப்பவரிடமும் சொல்ல வேண்டும். அவருக்குக் கேட்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய நீ யார் என்று கேட்பார். ஃபிலிம் வைக்கிற தட்டான கேசட் வெயில் நாளில் சுடும், மழை நாளில் ஜில்லிடும். அதை முதுகுக்கு அடியில் செருகுவதற்கு முன்னால் தன் முழங்கையை வைத்துப் பார்ப்பார். பிள்ளைக்கு வெந்நீர் ஊற்றுகிற தாய் பார்ப்பது போலத்தான்.

அவரிடம் இன்னொரு சட்டம் இருந்தது. அதுதான் கடினம். படத்தில் என்ன தெரிகிறது என்பதை வாயாலும் சொல்லக்கூடாது, முகத்தாலும் சொல்லக்கூடாது. ஈரப் படத்தை ஹேங்கரோடு தூக்கிக்கொண்டு வராண்டாவில் போகும்போது சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நம் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் கண்ணைப் படத்தில் உள்ள நம்பரில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

ஒருமுறை மேகமலையிலிருந்து ஒரு தோட்டத் தொழிலாளியை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். நிழல் மரத்தின் கிளையை வெட்டும்போது விழுந்துவிட்டார். சின்னமனூர் வரைக்கும் அந்த ரோட்டில் தூக்கித் தூக்கிப் போட்டு வந்திருக்கிறார்கள். தோட்டத்துக் குடியிருப்பான லயத்திலிருந்து கூடவே வந்த அவர் அம்மா எங்கள் கதவை விட்டு நகரவில்லை. இருட்டறையில் சார் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். சிவப்பு விளக்கில் அவர் முகம் சுருங்கிப் போனதை நான் பார்த்தேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கதவைத் திறந்து வெளியே போனார். போகும்போது அந்த முகம் இல்லை. படம் நன்றாக விழுந்திருக்கிறது ஆத்தா, டாக்டர் பார்த்துச் சொல்வார் என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். ஏன் சார், ஒரு ஆறுதல் வார்த்தை சொன்னால் என்ன என்று பிறகு கேட்டேன்.

"நாம ஒரு வார்த்த சொன்னா, அதப் புடிச்சுக்கிட்டே அவுக உக்காந்திருப்பாகப்பா. அது தப்புன்னு ஆனா, யாரு போயி அத அவுககிட்ட இருந்து திரும்ப வாங்குறது?"

வேலை முழுக்க இதைக் கடைப்பிடித்தேன். வாயை மூடிக்கொண்டிருப்பதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். அதனாலோ என்னவோ, வாயைத் திறப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

கபடி நான் ஆடியதில்லை, பார்த்தவன். வடுகபட்டியில் தொடங்கி கூடலூர் வரை எந்த ஊர்த் திருவிழாவில் ஆட்டம் நடந்தாலும் ஒரு கல்லோ துண்டோ போட்டு இடம் பிடித்துவிடுவேன். ஆனால் இந்த ஆட்டத்தை ஊருக்குச் சொல்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் என்னைப் படுத்தியது கொஞ்சநஞ்சமில்லை. பேப்பரில் மாவட்டப் பக்கத்தைத் திறந்தால், கோப்பை வழங்கியவர் யார், முன்னிலை வகித்தவர் யார், நன்றி சொன்னவர் யார் என்பதெல்லாம் இருக்கும், எத்தனை புள்ளியில் ஜெயித்தார்கள் என்பது இருக்காது. படத்தில் சால்வைகள் தெரியும். ஆடிய பிள்ளைகள் பின்வரிசையில் தலை வெட்டுப்பட்டு நிற்பார்கள். இதைக் கண்டித்து நான் எழுதிப் போட்ட கடிதம் ஒன்றுகூட அச்சில் வரவில்லை. டிவியில் ஆட்டம் வர ஆரம்பித்தபோது இனிக் கவலையில்லை என்று நினைத்தேன். அங்கே வேறு கூத்து. கார்னரில் நிற்பவன் ஓர் அடி பின்வாங்கி வலை விரித்திருப்பான். அதைச் சொல்ல வேண்டிய ஆள் சினிமா வசனம் பேசிக்கொண்டிருப்பார். அடுத்த ரெய்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே முந்தின ரெய்டைத் திருப்பிப் போட்டுக் காட்டுவார்கள்.

அதற்கு அப்புறம் எங்கள் பக்கத்து ஆட்டங்களையே செல்போனில் நேரலையாக விட ஆரம்பித்தார்கள். மைதானத்தில் மைக் பிடிக்கிறவரின் குரலே செல்போனிலும் வரும். அந்தக் குரல் ஓயவே ஓயாது. நன்கொடை கொடுத்தவர் பெயர், டூவீலர் வழியை மறைத்து நிற்கிறது, பாடி வருகிறவனுக்கு ஒரு பட்டப்பெயர், விழுந்தவனுக்கு ஒரு கிண்டல் என்று எல்லாம் ஒரே மூச்சில். ஒரு நாள் பொறுக்க முடியாமல் சத்தத்தை முழுக்க அமர்த்திவிட்டுப் பார்த்தேன். ஆட்டம் அவ்வளவு நன்றாகத் தெரிந்தது. அன்று முதல் அப்படியேதான். கபடியை ஊமைப் படமாகப் பார்க்கிறவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான் என்று என் மனைவி கேலி செய்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு டூட்டி. கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் இறுதியாட்டம். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே நல்லவர்களும் இருக்கிறார்கள். எக்ஸ்ரே அறையில் ஆள் இல்லை. செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்து, வழக்கம்போலச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் காமயகவுண்டன்பட்டி அணி. அதில் இடது கார்னரில் நின்ற முத்துப்பாண்டியை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். பேசிப் பழக்கம் கிடையாது, ஆட்டத்தைப் பார்த்த பழக்கம்தான். திராட்சைத் தோட்டத்தில் பந்தல் வேலை பார்க்கிறவன். கணுக்காலில் கை போட்டால் அந்தக் கை விடாது. பெரிய சத்தமோ தொடை தட்டலோ இல்லாத ஆள்.

கடைசி நேரம். இவன் அணி ஒரு புள்ளி முன்னால் இருந்தது. பாடி வந்தவனின் காலுக்கு முத்துப்பாண்டி தலையைத் தாழ்த்திப் பாய்ந்தான். களத்தில் மிச்சமிருந்த அவன் அணிக்காரர்கள் நான்கு பேரும் வந்து விழுந்தார்கள். குவியல் கலைந்து எல்லாரும் எழுந்தார்கள், அவன் மட்டும் மல்லாந்து கிடந்தான். விழுந்த ஆட்களை நான் அறைக்குள்ளும் வெளியிலும் நிறையப் பார்த்தவன். வலிக்கிறவன் வலிக்கிற இடத்தைப் பிடித்துக்கொள்வான். நடிக்கிறவன் வலிக்காத இடத்தையாவது பிடித்துக்கொள்வான். இவன் எதையும் பிடிக்கவில்லை. இரண்டு கையும் விழுந்த இடத்தில் விழுந்தபடியே கிடந்தன. நான் எழுந்து செல்போனுக்குப் பக்கத்தில் போனேன். அவன் வலது பாதம் மட்டும் ஒரு தடவை மடங்கி நிமிர்ந்தது. அதைத் தெளிவாகப் பார்த்தேன். யாரும் தூக்காமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் கையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. அப்போது விருந்தினர் சோபா இருந்த பக்கத்திலிருந்து ஒரு ஆள் குஞ்சம் வைத்த சிவப்பு மெத்தைத் தலையணை ஒன்றைத் தூக்கிக்கொண்டு, நடுவர் தடுப்பதற்குள், ஆடிக்கொண்டே ஆடுகளத்துக்குள் ஓடிவந்தான். கூட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டான். மண்டியிட்டு, முத்துப்பாண்டியின் தலையை மயிரோடு சேர்த்துத் தூக்கி, தலையணையை அடியில் செருகினான். தாடை நெஞ்சில் இடித்தது. நான் அறைக்குள் தனியாக நின்று வேண்டாம் வேண்டாம் என்று செல்போனைப் பார்த்துக் கத்தினேன். அதற்குப் பிறகு அந்தப் பாதம் அசைந்ததை நான் பார்க்கவில்லை.

அவனைக் காய்கறி ஏற்றுகிற வண்டியில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். தலைக்கு அடியில் அதே சிவப்புத் தலையணை இருந்தது. டூட்டி டாக்டர் வயது குறைந்த பெண். ஆனால் அந்த அம்மா பதறவில்லை. அவனிடம் எங்கே தொடுகிறேன், தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், நெஞ்சுக்குக் கீழே கேட்டதற்கு அவன் பதில் சொல்லாததும் என்னை நிமிர்ந்து பார்த்தார். தலையணை இல்லாமல் படம் எடுக்க வேண்டும், அதை உருவுவதே ஆபத்து. டாக்டர் தலைமாட்டில் நின்று அவன் தலையை இரண்டு கைகளுக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டார். நான் குனிந்து, முத்துப்பாண்டி, தலையணையை எடுக்கப் போகிறேன், நீ ஒன்றும் செய்யாதே, தலையாட்டாதே என்று சொல்லிவிட்டு நூல் நூலாக இழுத்தேன். டாக்டர் கை அதே வேகத்தில் கீழே இறங்கியது. பட்டை போட்டுக் கழுத்தைக் கட்டினோம்.

கழுத்துக்குப் பக்கவாட்டுப் படம் எடுக்கும்போது தோள் மறைக்கும். கீழ்க் கழுத்து எலும்புகள் தெரிய வேண்டுமென்றால் கால்மாட்டில் ஒருவர் நின்று இரண்டு மணிக்கட்டையும் பிடித்து மெதுவாகக் கீழே இழுக்க வேண்டும். மூச்சை வெளியே விட்டு நிறுத்தினால் தோள் இன்னும் இறங்கும். டாக்டர் சொன்னபடி நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கையை இழுக்கப் போகிறார்கள் என்று அவனிடம் சொன்னேன். நர்ஸ் இழுத்துவிட்டார், தோளும் இறங்கிவிட்டது. நான் பட்டனில் கையை வைத்தேன்.

"எப்பண்ணே இழுப்பீக?" என்றான் முத்துப்பாண்டி.

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டார். இப்போதே இழுத்துக்கொள்கிறோம், நீ மூச்சை விட்டு நிறுத்து என்றேன். நிறுத்தினான். படம் எடுத்தேன். மூச்சு விடலாம் என்று சொன்னேன்.

படம் திரையில் வந்து நின்றது. ஐந்தாவது எலும்பு ஆறாவதன் மேல் முன்பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தது. இருட்டறைக் காலமாக இருந்தால் சிவப்பு விளக்கில் கொஞ்ச நேரம் நின்று, முகத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பேன். இப்போது அந்த வசதி கிடையாது. திரும்பினால் கதவு பாதி திறந்திருந்தது. அவன் மனைவி செல்வி நின்றிருந்தாள். ஆட்டம் பார்க்க வந்தவள் அப்படியே வண்டியில் ஏறி வந்திருக்கிறாள். திரையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணே, இவரு நடிக்கிறாருன்னு மைக்ல சொன்னாக. கடைசி நேரத்துல டயத்தக் கடத்துறதுக்குப் படுத்துக்கிட்டாருன்னு சொன்னாக. நடிப்புத்தானண்ணே? ஆட்டம் முடிஞ்சிருச்சு, இனிமே எந்திரிச்சிருவாருல்ல?"

மைதானத்தில் என்ன சத்தம் கேட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கூட்டம் ஏன் சிரித்தது, தலையணை ஏன் வந்தது என்று அவளே சொன்னாள். விழுந்தவன் எழ நேரமானால் அந்த வர்ணனையாளர் எப்போதும் சொல்கிற கிண்டல் ஒன்று உண்டாம்: மாப்ளைக்கு ஒரு தலகாணி குடுங்கப்பா. யாரோ ஒருத்தன் நிஜமாகவே கொண்டுவந்துவிட்டான். நடிப்பு என்று ஊர் முழுக்கச் சிரித்த அந்தச் சொல்லை அவள் ஒருத்தி நம்பிக்கையாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். புருஷன் ஏமாற்றுக்காரனாக இருந்துவிட்டால் போதும் அவளுக்கு. டாக்டர் வந்து சொல்வாகம்மா என்றேன். என் முகத்தை நான் சரியாக வைத்திருந்தேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் செல்போனில் பார்த்ததை, அந்தப் பாதம் அசைந்தது உட்பட, டாக்டரிடம் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். தேனிக்கு அனுப்பி, அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். விழுந்தபோதே எலும்பு சரிந்ததா, தலையைத் தூக்கியபோது சரிந்ததா என்று படம் சொல்லாது. யாராலும் சொல்ல முடியாது. அன்று வீட்டுக்குப் போனதும் அந்தப் பதிவை முதல் முறையாகச் சத்தத்தோடு கேட்டேன். அந்தக் குரலில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. பரோட்டாக் கடையில் ஆர்டர் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்கிறது.

மாதக் கணக்கில் மதுரையில் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். தோளை லேசாக அசைப்பான், முழங்கையை மடக்குவான். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. நான் டவுன் பஸ் ஏறி காமயகவுண்டன்பட்டிக்குப் போனேன். எக்ஸ்ரே அறைக்கு வந்தவர்களைத் தேடிப் போய்ப் பார்க்கிற வழக்கம் எனக்கு இல்லை, இவனைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போக ஆரம்பித்தேன். கட்டிலுக்கு எதிரே செல்போனை நிறுத்தி, சத்தமில்லாமல் ஆட்டம் பார்ப்போம். யார் எங்கே இடம் விட்டான் என்று அவன் துண்டு துண்டாகச் சொல்வான். பேசினால் அவனுக்கு மூச்சு வாங்கும். அவன் சொல்வது அத்தனையும் சரியாக இருக்கும்.

ஒரு நாள் ஆட்டம் முடிந்ததும் அவனாகவே அந்தப் பேச்சை எடுத்தான். அந்தத் தலையணைத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, சிரிப்பு மியூசிக் சேர்த்து ஊரெல்லாம் அனுப்பியிருந்தார்கள். அவன் செல்போனுக்கே யாரோ அனுப்பியிருந்தார்கள், அதில் கிடப்பவன் இவன்தான் என்று தெரியாமல்.

"அத நா எத்தன தடவ பாத்தேன்னு எனக்கே தெரியாதுண்ணே. தலகாணி வைக்கிறதுக்கு முன்னாடி வலது காலு ஆடுது. பாத்தீகளா?"

பார்த்தேன் என்றேன். அவனுக்கு நஷ்டஈடு வேண்டாம், கேஸ் வேண்டாம். தலையணையைக் கொண்டுவந்தவன் மேலும் கோபம் இல்லை, அவன் சின்னப்பயல் என்றான். மகள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். அங்கே அவளை 'தலகாணி' என்று கூப்பிடுகிறார்களாம். அவளே ஒரு நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, நீங்க அன்னைக்கி நடிச்சீங்களாப்பா என்று கேட்டிருக்கிறாள்.

"நடிச்சு ஜெயிக்கப் பாத்தான்னு ஒரு பேரு வந்திருச்சு. இந்த ஒடம்போட அதையும் சொமக்க முடியலண்ணே. முத்துப்பாண்டி நடிக்கலன்னு, அவரு வாயால, அதே மைக்ல, ஒரு தடவ சொல்லச் சொல்லுங்க. போதும்."

அந்த வர்ணனையாளர் பெயர் தங்கவேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறார். பெயருக்கு முன்னால் பட்டம் போட்டு அவர் படமே கடை வாசலில் பெரிதாக நிற்கும். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். போய்ப் பார்த்தால் இளைத்துப் போன ஒரு மனிதர். நான் யார் என்று சொன்னதும் கடைப் பையனை டீ வாங்க அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டார். காமயகவுண்டன்பட்டி ஆர்ச் வரைக்கும் வந்து வந்து திரும்பியிருக்கிறாராம். உள்ளே போகக் கால் வரவில்லை என்றார். எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் திட்டுவதற்கு என்று கொண்டுபோன வார்த்தைகளில் பாதியை அங்கே எடுக்க முடியவில்லை. ஏன் இந்த ஓயாத பேச்சு, ஆட்டத்தைப் பார்த்துச் சொன்னால் போதாதா என்று மட்டும் கேட்டேன்.

"மைக்கு செத்த நேரம் சும்மா இருந்தாலே கமிட்டிக்காரக திரும்பிப் பாப்பாகண்ணே. அடுத்த வருசம் வேற ஆளக் கூப்புட்ருவாக. அந்த வார்த்தைய நா யோசிச்சுச் சொல்றதில்ல. எவனாச்சும் விழுந்தா, வாயில அதுவா வந்துரும்."

முத்துப்பாண்டி கேட்டதைச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். அதே ஊரில், அதே ஆட்டத்துக்கு இந்த வருஷமும் அவர்தான் மைக். முதல் ஆட்டத்துக்கு முன்னாடியே சொல்லிவிடுகிறேன் என்றார். வார்த்தை மாறாமல் சொல்ல வேண்டும் என்று நான் அதை அவரிடம் இரண்டு முறை திருப்பிச் சொன்னேன்: முத்துப்பாண்டி நடிக்கவில்லை, நான் சொன்னது தப்பு. அவ்வளவுதான். அவரும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

நான் அப்போது ஓய்வு பெற்றிருந்தேன். ஆட்டத்தன்று காலையிலேயே முத்துப்பாண்டி வீட்டுக்குப் போய்விட்டேன். செல்வி அவனுக்கு ஷேவ் பண்ணிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, முதுகுக்கு முட்டுக் கொடுத்து உட்கார வைத்திருந்தாள். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் கேட்க வேண்டும் என்பதற்காகத்தானே இவ்வளவும். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் முறையாக அன்று செல்போனில் சத்தத்தைக் கூட்டினேன்.

தங்கவேல் பேசினார். குரல் வழக்கத்தைவிடத் தணிந்துதான் இருந்தது. கபடிக்காகத் தன்னையே தந்த காளை என்றார். காமயகவுண்டன்பட்டியின் கம்பீரம் என்றார். சென்ற ஆண்டு இதே களத்தில் நேர்ந்த எதிர்பாராத விபத்து என்றார். அவர் நலம்பெற எல்லாம் வல்ல இறைவனை வேண்டுவோம் என்றார். கூட்டம் கைதட்டியது. விழாக் குழுவின் தலைவர் பெயரைச் சொல்லி, முதல் ஆட்டத்தைத் தொடங்கி வைக்க அழைத்தார். சொல்ல வேண்டிய ஒரு வரியைச் சுற்றி மாலை மாலையாகக் கட்டினாரே தவிர, அந்த வரியைச் சொல்லவில்லை. நான் முத்துப்பாண்டியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். இன்னும் நேரம் இருக்குண்ணே, சொல்வாரு என்று அவன்தான் என்னைத் தேற்றினான். அதனால் சத்தத்தைக் குறைக்கவில்லை.

ஆட்டங்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. அவர் சொல்வார் சொல்வார் என்று காத்திருந்தோம். மூன்றாவது ஆட்டத்தில் ஒரு பையன் பாடிப் போய்த் திரும்பும்போது தடுக்கி, தலைகுப்புற விழுந்தான். எழவில்லை. மைக் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

"மாப்ளைக்கு ஒரு..."

அவ்வளவில் அந்தக் குரல் அறுந்தது. என்ன சொல்ல வந்தோம் என்று அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். ஆனால் கூட்டத்துக்கு அது பழகிப்போன பாட்டு. பெரியவர்களும் பிள்ளைகளுமாக மைதானம் முழுக்க ஒரே குரலில் மிச்சத்தைச் சொல்லி முடித்தார்கள்: தலகாணி. அப்புறம் சிரிப்பு. மைக்கில் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் கேட்டவரையில் அந்த மனிதர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தது அது ஒன்றுதான். கொஞ்ச நேரத்தில் வேறு யாரோ மைக்கை வாங்கி, நன்கொடையாளர் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார்கள்.

செல்வி மகளைக் கைபிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் செல்போனை அணைக்கப் போனேன்.

"அணைக்காதீகண்ணே. சவுண்ட மட்டும் அமத்துங்க."

அமர்த்தினேன். விழுந்த பையனைச் சுற்றி ஆட்கள் கூடி மறைத்துக்கொண்டிருந்தார்கள். முத்துப்பாண்டியால் கழுத்தை எக்க முடியாது. கண்ணை மட்டும் அகல விரித்துத் திரையையே பார்த்தான்.

"அவன் காலு ஆடுதான்னு பாருங்கண்ணே."

நான் செல்போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஆட்களின் கால்களுக்கு நடுவே அந்தப் பையனின் பாதங்கள் தெரிந்தன. படத்தில் என்ன தெரிகிறது என்று என் வேலைக் காலம் முழுக்க யாருக்கும் நான் சொன்னதில்லை. ராஜமாணிக்கம் சாரின் சட்டத்தை அன்றைக்கு மீறினேன்.

"ஆடுதுப்பா. ரெண்டு காலும் ஆடுது."

அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை அவன் விட்டான்.